நேர்கோட்டைத் தேடிய ஜேம்ஸ் வாட்



நம்ம புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் மூடைகளைத் தோளில் சுமந்து லாரியில் ஏற்றுவதைப் பார்த்துத்தான் எங்கள் புராஜெக்ட் குழுவுக்கு அந்த ஆசை வந்தது. மோட்டார் ஓட, ஒரு தட்டு நேராக மேலே போய் நேராகக் கீழே இறங்க வேண்டும். இவ்வளவுதானே என்று இறங்கிவிட்டோம். இரண்டு பக்கமும் கம்பி நட்டு நடுவில் தட்டை மாட்டினோம். மூடை கொஞ்சம் ஓரமாக இருந்தாலே போதும், தட்டு கோணிக்கொண்டு கம்பியில் சிக்கிவிடும். மோட்டார் உறுமியதுதான் மிச்சம். அந்த நேரத்தில்தான் ஜேம்ஸ் வாட்டின் வரலாறு கையில் கிடைத்தது. அந்த மனுஷனும் இதே நேர்கோட்டுக்காகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்!

1736 ஜனவரி 19-ல் ஸ்காட்லாந்தின் கிரீனாக் துறைமுகத்தில் பிறந்தார் வாட். சிறுவயதிலிருந்தே நோஞ்சான். லண்டனில் ஒரே வருஷம் கருவித் தொழில் பழகிவிட்டு கிளாஸ்கோ வந்தால், ஏழு வருஷம் பயிற்சி முடிக்காதவன் கடை போடக்கூடாது என்று தொழிலாளர் சங்கம் தடுத்தது. பல்கலைக்கழகம்தான் 1757-ல் உள்ளே ஓர் அறை கொடுத்துக் காப்பாற்றியது. (டிப்ளமோ முடிக்காமலே பட்டறை வைத்தவர் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!)

அங்கே பழுது பார்க்க வந்த நியூகாமென் எஞ்சின் மாடலும், 1765-ல் அவருக்குத் தோன்றிய தனிக் கண்டன்ஸரும் நாம் பரீட்சைக்குப் படித்ததுதான். படிக்காதது நடுவிலுள்ள பத்து வருஷம். பணம் போட்ட ரோபக் 1773-ல் நொடித்துப்போனார். அதே வருஷம், வாட் கால்வாய் சர்வே வேலையாக வெளியூரில் இருந்தபோது மனைவி மார்கரெட் இறந்துபோனார். பிறகுதான் பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் கூட்டு கிடைத்து, 1776-ல் எஞ்சின்கள் ஓடத் தொடங்கின.

இனிதான் நம்ம விஷயம். பழைய எஞ்சினில் பிஸ்டன் உத்தரத்தைக் கீழே இழுக்க மட்டும் செய்யும். அதற்குச் சங்கிலி போதும். 1782-ல் வாட் பிஸ்டனை இரண்டு பக்கமும் வேலை செய்ய வைத்தார். சங்கிலியால் மேலே தள்ள முடியுமா? முடியாது. இரும்புத் தண்டு வேண்டும். தண்டோ நேராகப் போகிறது, உத்தரத்தின் முனையோ வில்லாக வளைகிறது. நேரான வழிச்சட்டம் வைக்கலாமே என்பீர்கள். இரும்பைச் சீவித் தட்டையாக்கும் பிளேனிங் மெஷின் அன்றைக்குக் கிடையாதே!

1784-ல் வழி கிடைத்தது. அட்டையில் நீங்களே செய்து பாருங்கள். சம நீளத்தில் இரண்டு பட்டை. ஒன்றின் வெளிமுனையை இடது பக்கமும் மற்றதன் வெளிமுனையை வலது பக்கமும் குண்டூசியால் குத்துங்கள். உள்முனைகளை ஒரு சின்னப் பட்டையால் இணையுங்கள். ஆட்டும்போது ஒன்று இடப்பக்கம் வளைய, மற்றது வலப்பக்கம் வளையும். இரண்டு கோணலும் ஒன்றையொன்று தின்றுவிட, சின்னப் பட்டையின் நடுப்புள்ளி கிட்டத்தட்ட நேராக ஏறி இறங்கும். ரொம்ப தூரம் ஆட்டினால் எட்டுப் போட ஆரம்பித்துவிடும். நடுத்துண்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். முழுக்க நேரான கோடு போடும் இணைப்பை பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் போசெலியே 1864-ல்தான் அறிவித்தார். வாட்டுக்கு "கிட்டத்தட்ட" போதுமாக இருந்தது. எஞ்சின் ஓடியதே!

உலகமே நீராவிக்காக அவரைக் கொண்டாடியது. அவரோ வயதான காலத்தில் மகனுக்கு எழுதும்போது, மற்ற எல்லாவற்றையும்விட இந்த இணைப்பைத்தான் தன் பெருமையாகச் சொன்னார்.

எங்கள் தட்டுக்கும் அதையே பிடித்தோம். ஒரு இணைப்பு ஒரு புள்ளியைத்தான் நேராக நடத்தும், தட்டு சாய்வதைத் தடுக்காது. அதனால் மேலே ஒன்று, கீழே ஒன்று. சாண் உயரம்தான் ஏறுகிறது, ஆனால் சிக்கவில்லை.

வாட் 1819 ஆகஸ்ட் 25-ல், 83 வயதில் காலமானார். கடைசிவரை வீட்டு மாடியறையில் சிலைகளை நகலெடுக்கும் மெஷின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். பூட்டிக்கிடந்த அந்தப் பட்டறையை 1924-ல் கருவிகளோடு அப்படியே லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.