நிலத்தை விற்று கேமரா வாங்கிய அகஸ்தீஸ்வரத்துக்காரர்: ஜே.சி.டேனியல் எங்கே தோற்றார்?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் உங்களுக்கு இருந்தால் ஒருமுறை பேசிப் பாருங்கள். கேமராவுக்கு ஒரு லோன், லென்ஸுக்கு ஒரு லோன், ட்ரோன் வாங்க வீட்டு நகை என்று கணக்கு நீளும். முகூர்த்த நாட்கள் ஓடினால் தவணை கட்டலாம். மழையோ, ஊரடங்கோ வந்தால் தவணை மட்டும்தான் ஓடும். கேமராவை நம்பி முதல் போடுவது இந்த மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி, அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஒருவர் இதே சூதாட்டத்தை இன்னும் பெரிய அளவில் ஆடினார். அவர் பெயர் ஜோசப் செல்லய்யா டேனியல். சுருக்கமாக ஜே.சி.டேனியல்.

கேரளத்தில் அவர் மலையாள சினிமாவின் தந்தை. அவர் பெயரில் அரசு விருதே உண்டு. நம்ம பக்கத்தில், பிரித்விராஜ் நடித்த ‘செல்லுலாயிட்’ படம் பார்த்தவர்களைத் தவிர, பெரும்பாலானவர்களுக்கு அவர் ஊர் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் என்பதே தெரியாது.

யார் இந்த டேனியல்?

19-ஆம் நூற்றாண்டு முடிகிற வேளையில், வசதியான கிறிஸ்தவ நாடார் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அகஸ்தீஸ்வரம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. படிப்பு, வேலை, கச்சேரி, கோர்ட்டு எல்லாவற்றுக்கும் திருவனந்தபுரம்தான் தலைநகரம். டேனியலும் அங்கேதான் கல்லூரி படித்தார்.

அவருடைய முதல் காதல் சினிமா இல்லை, அடிமுறை. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். களரி, கம்பு, வாள், வர்மம் எல்லாம் ஊர் ஆசான்களிடம் கற்றுக்கொள்ளும் கலை. டேனியல் அதில் தேர்ந்தவர், வாள்வீச்சைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகமே எழுதினார். ஆனால் புத்தகத்தை எத்தனை பேர் படிப்பார்கள்? ஓடுகிற படமாகக் காட்டினால் எழுத்தறியாதவரும் பார்ப்பாரே! சினிமா பக்கம் அவரைத் தள்ளியது இந்த யோசனைதான் என்கிறார்கள்.

தொழில் கற்க சென்னைக்குப் போனார். அங்கே ஸ்டுடியோக்கள் ரகசியத்தைச் சொல்லித் தரத் தயாராக இல்லை. பம்பாய்க்குப் போனார். கேரளத்திலிருந்து வந்த ஆசிரியர், மாணவர்களுக்கு சினிமாவைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும் என்று சொல்லி உள்ளே நுழைந்ததாக ஒரு கதை உண்டு. எப்படியோ, கேமராவும் கருவிகளும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

பணம்? குடும்ப நிலத்தை விற்றார். எத்தனை ஏக்கர், எவ்வளவு தொகை என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள். ஆனால் விற்றது நிலம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வயலும் விளையும்தான் மானம் என்று நினைக்கிற நாட்டில், அதை விற்று மரப்பெட்டி மாதிரி ஒரு கருவியை வாங்கி வந்தவரை உறவுக்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

1926-ல் திருவனந்தபுரம் பட்டம் பகுதியில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ தொடங்கியது. இன்றைய கேரள எல்லைக்குள் அமைந்த முதல் சினிமா ஸ்டுடியோ அதுதான்.

அந்தக் காலத்தில் ஒரு படம் எடுக்க என்ன செலவாகும்?

ரூபாய்க் கணக்கை விடுங்கள், அடிக்கணக்கைப் பார்ப்போம். 35 மி.மீ. படச்சுருளில் ஒரு அடிக்கு 16 பிரேம். மௌனப்படக் காலத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 16 பிரேம் ஓட்டினார்கள். அதாவது, கேமராவின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ஒவ்வொரு வினாடிக்கும் ஒரு அடி சுருள் காலி. ஆயிரம் அடி ரீல் 16, 17 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். நடிகர் கண்ணை மூடிவிட்டார், மேகம் வந்து வெளிச்சம் போய்விட்டது என்றால் அந்த அடி அத்தனையும் வீண். இன்று போல டெலிட் பட்டன் இல்லை. எடுத்தது சரியா என்று சுருளைக் கழுவிப் பார்த்த பிறகுதான் தெரியும். சுருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வெளிச்சத்துக்குப் பெரும்பாலும் சூரியன்தான். கழுவ இருட்டறை, ரசாயனம், நல்ல தண்ணீர், தெரிந்த கை எல்லாம் வேண்டும்.

இத்தனையும் டேனியல் ஒரே ஆளாகச் சுமந்தார். கதை அவர், இயக்கம் அவர், கேமரா அவர், கதாநாயகன் அவர், முதலாளியும் அவரே. இன்று தனியாக ஸ்டுடியோ நடத்துகிற பலருக்கும் இந்த வாழ்க்கை புரியும். ஆனால் அவர்களுக்கு முன்பணம் தரும் வாடிக்கையாளர் இருக்கிறார். டேனியலுக்கு அது கூட இல்லை.

இங்கே இன்னும் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும். தாதாசாகிப் பால்கே, குஜராத்தின் கோத்ராவில் சின்ன போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். 1912-ல் லண்டன் போய் கேமரா வாங்கி வந்தார். மனைவி சரஸ்வதிபாய் நகையைத் தந்தார். அதோடு படச்சுருளில் துளை போடுவது, கழுவுவது என்று வேலையும் செய்தார். 1913-ல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளியானது. ஊர் முழுக்கத் தெரிந்த புராணக்கதை என்பதால் கூட்டம் வந்தது.

இன்னொருவர் நம்ம சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர், 1905-ல் திருச்சிக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் புரொஜெக்டரும் படங்களும் வாங்கி, கொட்டகை போட்டு ஊர் ஊராகப் போனார். பிறகு கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். கூடவே அச்சகம், அரவை மில், மின்சாரம் என்று பல தொழில். ஒன்று படுத்தால் மற்றொன்று தாங்கும். வின்சென்ட் ஆரம்பத்தில் படம் எடுக்கவில்லை, காட்டினார். காட்டுகிறவருக்கு அன்றன்றைக்கு டிக்கெட் காசு கையில். எடுக்கிறவருக்கோ முதலில் முழுச் செலவு, வரவு எப்போது என்று தெரியாது. டேனியல் தேர்ந்தெடுத்தது இந்த இரண்டாவது வழியை. அவருக்கென்று தியேட்டர் இல்லை, விநியோகஸ்தர் இல்லை, பக்கத் தொழிலும் இல்லை.

புராணம் வேண்டாம் என்ற முடிவு

படத்தின் பெயர் ‘விகதகுமாரன்’. காணாமல் போன பிள்ளை என்று அர்த்தம். திருவிதாங்கூரில் பணக்கார வீட்டுப் பையனை வில்லன் இலங்கைக்குக் கடத்திவிடுகிறான். பையன் தோட்டத் தொழிலாளியாக வளர்ந்து, வெள்ளைக்கார முதலாளியின் அன்பைப் பெற்று மேற்பார்வையாளர் ஆகிறான். தூரத்து உறவுக்காரன் ஒருவன் அங்கே போய் நண்பனாகி, இருவரும் ஊர் திரும்பி, கடைசியில் முதுகுத் தழும்பை வைத்து அடையாளம் தெரிகிறது. கதை எளிமைதான். ஆனால் எல்லாரும் புராணம் எடுத்த காலத்தில், தன் காலத்து மனிதர்களின் கதையை, அதுவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் நிழல் விழுகிற கதையை எடுத்தார் பாருங்கள், அதைத் துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். வியாபாரக் கண்ணால் பார்த்தால் அது முதல் ரிஸ்க்.

இரண்டாவது ரிஸ்க் கதாநாயகி. பெண்கள் நடிக்க வராத காலம். பால்கே படத்தில் ராணியாக நடித்தவர் சாலுங்கே என்ற ஆண் சமையல்காரர். டேனியல் அப்படிச் சமாளிக்க விரும்பவில்லை. பம்பாயிலிருந்து ஒரு நடிகையை வரவழைக்க முயன்று, அது சரிப்படாமல் போனது. கடைசியில் காக்காரிசி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த ரோசியைக் கண்டுபிடித்தார். தலித் பெண். படத்தில் அவருக்குத் தந்த வேடம் நாயர் வீட்டுப் பெண் சரோஜினி.

இதன் கனத்தைப் புரிந்துகொள்ள அன்றைய திருவிதாங்கூரை நினைத்துப் பார்க்க வேண்டும். நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடி, 1859-ல் அரசாணை வந்த நாடு. டேனியல் பிறந்த சமூகத்துக்கே அந்த வடு உண்டு. தாழ்த்தப்பட்ட மக்கள் கோயிலுக்குள் நுழைய அனுமதி வந்தது 1936-ல்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, தலித் பெண்ணை உயர்சாதிப் பெண்ணாகத் திரையில் நிறுத்தினார் டேனியல்.

முதல் காட்சியில் என்ன நடந்தது?

திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டர். பழைய நூல்கள் 1928 என்று எழுதின; பின்னால் வந்த ஆய்வாளர்கள் 1930 அக்டோபர் 23 என்கிறார்கள். புகழ்பெற்ற வக்கீல் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை தொடங்கி வைத்தார். ரோசி அந்தக் காட்சியைப் பார்க்க முடியவில்லை.

திரையில் ரோசி வந்ததும் கூச்சல். நாயகன் அவர் தலையிலிருந்த பூவை முத்தமிடும் காட்சியில் கல் பறந்தது, திரை கிழிந்தது. கோபம் தியேட்டரோடு நிற்கவில்லை. ரோசியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவர் ஒரு லாரியில் ஏறி நாகர்கோவில் பக்கம் தப்பினார் என்றும், அந்த லாரி ஓட்டுநரையே மணந்து ராஜம்மாள் என்ற பெயரில் தமிழகத்தில் வாழ்ந்தார் என்றும் சொல்கிறார்கள். அதன் பிறகு அவர் நடிக்கவில்லை. டேனியல் நஷ்டப்பட்டது பணம். ரோசி இழந்தது வீடு, ஊர், பெயர் எல்லாம். இந்தக் கதையை டேனியலின் சோகமாக மட்டும் சொல்வது சரியில்லை என்று எனக்குத் தோன்றும்.

எல்லா ஊரிலும் கல் விழவில்லை. ஆலப்புழை ஸ்டார் தியேட்டரில் படம் நடுவே மங்கலானபோது கூச்சல் எழுந்தது. இது நம் நாட்டின் முதல் படம், குறை இருக்கத்தான் செய்யும் என்று விளக்கியதும் மக்கள் கைதட்டினார்களாம். நாகர்கோவிலிலும் படம் ஓடியதாகப் பதிவுகள் உண்டு. ஆனால் போட்ட பணத்தைத் திருப்ப இதெல்லாம் போதவில்லை.

நேரமும் அவருக்கு எதிராக இருந்தது. 1931 மார்ச்சில் ‘ஆலம் ஆரா’ பேசியது. அக்டோபரில் ‘காளிதாஸ்’ தமிழும் தெலுங்கும் பேசிப் பாடியது. ஒரே வருஷத்தில் மௌனப்பட வியாபாரமே பழங்கதை. பிலிம் ரோலில் முதலீடு செய்த வருஷமே டிஜிட்டல் வந்த ஸ்டுடியோக்காரரின் நிலைமைதான். இன்னொரு நிலம் இருந்தாலும் புதுக் கருவிக்குப் போதாது.

அவர் நிறுத்தவும் இல்லை. தன் பழைய காதலான அடிமுறையைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். அதோடு கஜானா முழுசாகக் காலி. கருவிகளை விற்று, ஸ்டுடியோவை மூடினார்.

பல் மருத்துவர் டேனியல்

அதன் பிறகு பாளையங்கோட்டை, மதுரை, காரைக்குடி என்று ஊர் ஊராகப் பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்தார். கொஞ்சம் காசு சேர்ந்தது. நடிகர் பி.யு.சின்னப்பாவின் பழக்கம் கிடைத்ததும் மறுபடி சினிமா ஆசை துளிர்த்து, சேர்த்ததையும் இழந்தார் என்கிறார்கள். கடைசிக் காலத்தில் மனைவி ஜானட்டோடு அகஸ்தீஸ்வரத்துக்கே திரும்பினார்.

இதற்கிடையே 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’ வந்தது. எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம். ஸ்டுடியோ, மாதச் சம்பள ஊழியர்கள், வரிசையாகப் படங்கள் என்று ஃபேக்டரி மாதிரி நடத்தியவர். நீண்ட காலம் மலையாள சினிமாவின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்கியது. டேனியல் பெயர் எங்கும் இல்லை.

1960-களில் பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் அவரைத் தேடிக் கண்டுபிடித்து எழுதத் தொடங்கினார். நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகைக்குக் கேரள அரசிடம் விண்ணப்பம் போனது. கிடைக்கவில்லை. காரணம்? 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. அவர் வேற்று மாநிலத்துக்காரர். தமிழ் சினிமா வரலாற்றிலும் அவருக்கு இடமில்லை, படம் மலையாளக் கணக்கில் இருந்ததால். பிறந்த வீடு நகரவில்லை, எல்லைக்கோடு நகர்ந்தது. 1975 ஏப்ரல் 27-ல் டேனியல் இறந்தார்.

படம் இப்போது எங்கே?

இல்லை. அந்தக் காலச் சுருள் நைட்ரேட்டால் ஆனது, தீக்குச்சி பட்டால் குப்பென்று எரியும். வீட்டில் கிடந்த சுருளைச் சின்ன வயசில் விளையாட்டாக எரித்ததாக டேனியலின் மகன் ஒருவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. டேனியலின் உறவினரான நாகர்கோவில் சுந்தர்ராஜ், 1933-ல் ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப்படம் எடுத்தார். சி.வி.ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவிய படம். நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயா புத்தக நிறுவனம் வழக்குப் போட்டது. படம் சில நாட்களிலேயே தியேட்டரை விட்டு இறங்கியது. பிரதி புத்தக நிறுவனத்திடம் போய் முடங்கியது. 1974-ல் வெளியே எடுத்தார்கள், இப்போது புனே தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வழக்கில் சிக்கிய படம் பிழைத்தது, வீட்டில் பத்திரமாக இருந்த படம் எரிந்தது.

ரோசிக்கு 2023 பிப்ரவரி 10-ல் கூகுள் தன் முகப்பில் சித்திரம் போட்டது. டேனியலின் பெயரில் கேரள அரசு 1992-ல் விருதைத் தொடங்கியது. மலையாள சினிமாவுக்கு வாழ்நாள் பங்களிப்பு செய்தவர்களுக்கு ஆண்டுதோறும் தருகிறார்கள். முதல் விருது தயாரிப்பாளர் டி.இ.வாசுதேவனுக்கு. விருதின் இன்றைய தொகை 5 லட்சம் ரூபாய்.