மூட்டை சுமக்கும் மூன்று சக்கர சைக்கிளை வளைவில் திரும்ப வைத்த தோட்டக்காரர்! யார் இந்த ஜேம்ஸ் ஸ்டார்லி?

ஆட்டோ ஒன்று தெருமுனையில் திரும்பும்போது அதன் பின்சக்கரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டும் ஒரே மாதிரி சுற்றுவது போலத்தான் தெரியும். ஆனால் அப்படி இல்லை. வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடுகிறது, உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடுகிறது. இரண்டுக்கும் ஒரே இன்ஜினில் இருந்துதான் சக்தி போகிறது, ஆனாலும் வேகம் வேறு வேறு. இந்த வேலையைச் செய்யும் பல்சக்கரத் தொகுதிக்குத்தான் டிஃபரன்ஷியல் என்று பெயர்.

காரும் ஆட்டோவும் வருவதற்கு முன்பே இது காலால் மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிளுக்குள் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவர் ஒரு காலத்தில் தோட்ட வேலை பார்த்தவர். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி.

ஐரோப்பிய நகரங்களில் இன்று கடைக்குப் போக, குழந்தையைப் பள்ளியில் விட, பார்சல் கொடுக்க எனச் சரக்கு சைக்கிள்கள் பெருகிவிட்டன. அவற்றை வடிவமைப்பவர்கள் முன்னால் இருக்கும் பல கேள்விகள் சுமார் 150 வருடங்களுக்கு முன் இவர் முன்னாலும் இருந்தன.

எலிப்பொறி செய்த சிறுவன்

1830-ல் இங்கிலாந்தின் தெற்கே, சசெக்ஸ் பகுதியில் உள்ள ஆல்பர்ன் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் ஸ்டார்லி. 1831 என்றும் சில இடங்களில் இருக்கிறது. ஒன்பது வயதிலேயே வயலில் வேலை. குடை கம்பியையும் வில்லோ மரக் குச்சியையும் வைத்து எலிப்பொறி செய்த பையன் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு.

விவசாயம் அவருக்குப் பிடிக்கவில்லை. பதின்ம வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். லண்டனை ஒட்டிய லூயிஷம் பகுதியில் ஜான் பென் என்பவரின் வீட்டில் தோட்டக்காரருக்கு உதவியாளாக வேலை கிடைத்தது. ஜான் பென் சாதாரண ஆள் இல்லை, கப்பல் இன்ஜின்கள் தயாரிப்பதில் பெயர் பெற்றவர்.

பகலில் செடி, கொடி. மிச்ச நேரத்தில் கடிகாரம் ரிப்பேர்.

அப்போது ஜான் பென் வீட்டுக்கு ஒரு தையல் மெஷின் வந்தது. அன்றைக்கு அது விலை உயர்ந்த, அபூர்வமான பொருள். மெஷின் ஒருநாள் நின்றுபோனது. பிரித்துப் பார்க்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? தோட்டத்தில் இருந்த ஸ்டார்லிதான். சரி செய்தார், அதோடு நிற்காமல் அதன் இயக்கத்தையும் மேம்படுத்திவிட்டார். அந்த மெஷினைத் தயாரித்த நிறுவனத்தின் பங்குதாரர் ஜோசையா டர்னரை ஜான் பென்னுக்குத் தெரியும். 1859 வாக்கில் தோட்டக்காரர் தொழிற்சாலைக்குள் நுழைந்தார்.

வேலை இழந்த ஊருக்கு வந்த இரண்டு பேர்

1861 வாக்கில் டர்னரும் ஸ்டார்லியும் கவென்ட்ரி நகருக்குப் போய் சொந்தமாகத் தையல் மெஷின் கம்பெனி தொடங்கினார்கள். ஏன் கவென்ட்ரி? இந்த இடத்தில் கொஞ்சம் அரசியல் வருகிறது.

கவென்ட்ரி பட்டு ரிப்பன் நெசவுக்கும் கடிகாரத்துக்கும் பேர் போன ஊர். 1860-ல் பிரிட்டனும் பிரான்ஸும் ஒரு வர்த்தக ஒப்பந்தம் போட்டன. பிரெஞ்சுப் பட்டுக்கு இருந்த இறக்குமதி வரி போனது. அதோடு ரிப்பன் தொழிலும் படுத்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், பலர் ஊரையே காலி செய்தார்கள். ஆனால் நுணுக்கமான கைவேலை தெரிந்தவர்கள் அந்த ஊரில் நிறைய இருந்தார்கள். தையல் மெஷினுக்கு அதுதானே வேண்டும்!

1868-ல் டர்னரின் உறவினர் ரோலி டர்னர் பாரிஸில் இருந்து ஒரு வெலாசிபீடைக் கொண்டு வந்தார். முன்சக்கரத்திலேயே பெடல், மரச் சக்கரம், அதன் மேல் இரும்புப் பட்டை. கல் பாவிய தெருவில் ஓட்டினால் எலும்பெல்லாம் ஆடும். ஆங்கிலேயர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயரே எலும்பு குலுக்கி என்ற அர்த்தத்தில்தான்!

பிரான்ஸுக்கு ஏற்றுமதி செய்யலாம் என்று கம்பெனி திட்டம் போட்டது. கம்பெனி பெயரில் இருந்து தையல் மெஷினும் போனது. 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பிரெஞ்சு சந்தை மூடிக்கொண்டது. செய்ததை உள்ளூரில்தான் விற்றாக வேண்டும் என்ற நிலை. கவென்ட்ரி சைக்கிள் ஊரானது இப்படித்தான்.

போக்ஸ் கம்பி சாய்ந்திருப்பது ஏன்?

ஸ்டார்லிக்கு அந்த பிரெஞ்சு வண்டியின் கனம் பிடிக்கவில்லை. வில்லியம் ஹில்மேன் என்பவருடன் சேர்ந்து 1870-ல் ஏரியல் என்ற வண்டிக்குக் காப்புரிமை எடுத்தார். முழுக்க உலோகம். முன்சக்கரம் பெரிது, பின்சக்கரம் சிறிது. முக்கியமான விஷயம், சக்கரத்தில் மெல்லிய கம்பிகள்.

மாட்டு வண்டிச் சக்கரத்தில் பாரம் கீழே உள்ள ஆரக்காலை அழுத்தும். அதனால் ஆரக்கால் தடிமனாக இருக்க வேண்டும். கம்பிச் சக்கரம் வேறு. எல்லாக் கம்பிகளும் ஏற்கெனவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும், அந்த இழுவிசைதான் பாரத்தைத் தாங்கும். அதனால்தான் தீக்குச்சியை விட மெல்லிய கம்பிகள் ஒரு ஆளையும் அரிசி மூட்டையையும் சேர்த்துச் சுமக்கின்றன.

இந்த வண்டியைப் பிரபலப்படுத்த ஸ்டார்லியும் ஹில்மேனும் லண்டனில் இருந்து கவென்ட்ரி வரை ஒரே நாளில் ஓட்டி வந்தார்கள் என்று சொல்வார்கள். தூரம் சுமார் 96 மைல். ரப்பர் காற்று டயர் வருவதற்கு முந்தைய காலம் அது, கூடவே ஸ்டார்லி கொஞ்சம் கனத்த உடம்புக்காரர். மறுநாள் எழுந்திருக்க முடிந்ததா என்பதே சந்தேகம்.

1874-ல் அடுத்த திருத்தம். அதுவரை கம்பிகள் ஹப்பில் இருந்து ரிம்முக்கு நேராகப் போயின. பெடலை ஓங்கி மிதித்தால் ஹப் சுற்றும், ரிம் உடனே பின்தொடராது, கம்பிகள் முறுக்கிக்கொள்ளும். ஸ்டார்லி கம்பிகளைச் சாய்த்தார். ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகும்படி கோத்தார். இப்போது மிதிக்கும் விசை கம்பி வழியாக நேராக ரிம்முக்குப் போகும். உங்கள் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பாருங்கள், கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். பாரம் ஏற ஏற இந்தச் சாய்வு எவ்வளவு அவசியம் என்பது சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு சக்கரம் யாருக்கு? மூன்று சக்கரம் யாருக்கு?

உயர்ந்த முன்சக்கரம் கொண்ட அந்த சைக்கிளை ஓட்டத் துணிச்சல் வேண்டும். சின்னக் கல் தட்டினாலும் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். நீண்ட பாவாடை அணிந்த பெண்கள், வயதானவர்கள், கையில் சாமானோடு போகிறவர்கள் யாருக்கும் அது ஒத்துவராது. சும்மா சொல்லக்கூடாது, அது இளைஞர்களின் விளையாட்டுப் பொருளாகத்தான் இருந்தது. பெண்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து ஓட்ட ஸ்டார்லி ஒரு ஏரியலைச் செய்து பார்த்தார். அது எடுபடவில்லை.

அதனால் மூன்று சக்கரத்துக்கு வந்தார். 1876-ல் கவென்ட்ரி லீவர் என்ற ட்ரைசைக்கிள். ஒரு பக்கம் பெரிய சக்கரம், மறுபக்கம் இரண்டு சிறிய சக்கரங்கள். அடுத்து இதையே செயின் போட்டு மாற்றினார். நின்றாலும் விழாத வண்டி, ஏறி உட்கார ஏணி வேண்டாம். ஆனால் ஒரே பக்கச் சக்கரத்தை மட்டும் மிதித்தால் வண்டி மறுபக்கமாக இழுக்கும். பாரம் கூடினால் இந்த இழுவையும் கூடும்.

சரி, இரண்டு பக்கமும் பெரிய சக்கரம் வைத்து இரண்டையும் மிதித்தால்? அதில்தான் சிக்கலே!

அப்பாவும் மகனும் புதரில் விழுந்த கதை

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு சக்கரத்தை மிதிக்கும் வண்டி ஒன்றை ஸ்டார்லி செய்தார். ஒருநாள் மகன் வில்லியமோடு அதில் கிளம்பினார். மகன் இளவட்டம், மிதி பலமாக விழுந்தது. அப்பாவால் ஈடுகொடுக்க முடியவில்லை. மகன் பக்கச் சக்கரம் முந்திக்கொண்டது, வண்டி ஒரு பக்கமாக வளைந்து, சாலையோரம் காஞ்சொறிப் புதருக்குள் இறங்கியது. சைக்கிள் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை இது. சொல்லச் சொல்ல மெருகு ஏறியிருக்கலாம், ஆனால் பிரச்னை உண்மையானது.

கணக்காகவே பார்க்கலாம். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 3 அடி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். தெருமுனையில் 90 டிகிரி திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்தை விடச் சுமார் 4.7 அடி கூடுதலாக ஓட வேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ, இந்த வித்தியாசம் மாறாது. இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டினால் ஒன்று தரையில் தேய்ந்துகொண்டே வரும், வண்டி திரும்ப மறுக்கும். மேலே 50 கிலோ சரக்கு இருந்தால் இன்னும் மோசம். தனித்தனியாக மிதித்தால் புதர்தான்!

ஸ்டார்லி 1877-ல் கண்டுபிடித்த வழி இது. அச்சை நடுவில் இரண்டாக வெட்டு. வெட்டிய இரண்டு முனைகளிலும் கூம்பு வடிவப் பல்சக்கரம் வை. அந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு பல்சக்கரத்தைக் கோத்து, செயின் இழுக்கும் கூட்டுக்குள் பொருத்து. நேராகப் போகும்போது நடுவில் உள்ளது சும்மா இருக்கும், இரண்டு பக்கமும் சமமாகச் சுற்றும். திரும்பும்போது நடுப் பல்சக்கரம் உருளும், ஒரு பக்கம் குறைந்த வேகம் மறுபக்கம் கூடிவிடும். யாரும் எதையும் இயக்க வேண்டாம், தானாகவே நடக்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தத்துவத்தை உலகில் முதன்முதலில் யோசித்தவர் ஸ்டார்லி இல்லை. பிரான்ஸின் ஒனேசிஃபோர் பெக்கர் 1828-லேயே நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஸ்டார்லிக்கு அது தெரியுமோ தெரியாதோ, மனிதக் கால் மிதிக்கும் வண்டிக்கு ஏற்ற அளவில் சின்னதாகச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது அவருடைய வேலை. என்னைக் கேட்டால், அது சின்ன விஷயம் இல்லை.

ராணி வாங்கிய வண்டி

டிஃபரன்ஷியல் பொருத்திய வண்டிக்கு சால்வோ என்று பெயர். இரண்டு பெரிய சக்கரங்களுக்கு நடுவே இருக்கை, முன்னால் ஒரு சின்னச் சக்கரம்.

1881-ல் விக்டோரியா ராணி வைட் தீவில் தன் குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்தார். ஒரு இளம்பெண் சால்வோவை ஓட்டியபடி முன்னால் போனார். ஸ்டார்லியின் வண்டிகளை அங்கே விற்ற ஏஜெண்டின் மகள் அவர். குதிரைகளுக்கே ஈடுகொடுத்த அந்த வேகத்தைப் பார்த்த ராணி விசாரிக்கச் சொன்னார். இரண்டு வண்டிகளுக்கு ஆர்டர் போனது. கண்டுபிடித்தவரே நேரில் வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

ஸ்டார்லி ஆஸ்பர்ன் மாளிகைக்குப் போனார். அவருக்குக் கிடைத்த பரிசு ஒரு வெள்ளிக் கடிகாரம். வண்டியின் பெயர் ராயல் சால்வோ ஆனது. ராணியே வாங்கிய பிறகு பெண்கள் ஓட்டலாமா கூடாதா என்று பேச யாருக்கு வாய் வரும்? ட்ரைசைக்கிள் மரியாதைக்குரிய வாகனமானது.

ஆனால் அந்தக் காலத்தைப் பார்க்க ஸ்டார்லி இல்லை. புற்றுநோய். அதே 1881-ல் ஜூன் 17 அன்று இறந்தார். வயது 51-தான்.

அவருக்குப் பிறகு பெட்டி ஏறியது

1883 ஆகஸ்டில் பிரிட்டன் தபால் துறை பார்சல் சேவையைத் தொடங்கியது. கடிதப் பையைத் தோளில் போட்டு நடந்த தபால்காரரால் பெட்டிகளைச் சுமக்க முடியுமா? சரக்கு ட்ரைசைக்கிள்கள் வேலைக்கு வந்தன. ரொட்டிக் கடை, பத்திரிகை அலுவலகம், மளிகைக் கடை என ஒவ்வொன்றாக இந்தப் பெட்டி வண்டிகளுக்கு மாறின. குதிரை வைத்துத் தீனி போட வசதியில்லாத சின்ன வியாபாரிக்கு இது பெரிய விஷயம்.

ஸ்டார்லியின் சகோதரர் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-ல் ரோவர் சைக்கிளைக் கொண்டு வந்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுச் சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின். இன்றைய சைக்கிளின் முன்னோடி அதுதான். அதன் பிறகு சாதாரணப் பயணத்துக்கு ட்ரைசைக்கிள் தேவைப்படவில்லை, சரக்குக்கு மட்டும் நிலைத்தது. அதே 1885-ல் ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் உருவாக்கிய காரைப் பாருங்கள். மூன்று சக்கரம், கம்பிச் சக்கரங்கள், உள்ளே டிஃபரன்ஷியல்!

சரக்கு சைக்கிள் செய்பவர்கள் இன்றும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்வு செய்கிறார்கள். முன்னால் இரண்டு சக்கரம் வைத்து அவற்றின் நடுவே பெட்டி, பின்னால் ஒற்றைச் சக்கரத்தை மிதிப்பது ஒரு வழி. இதில் டிஃபரன்ஷியலே வேண்டாம், செலவும் மிச்சம். ஓட்டுபவர் கண் முன்னால் சாமானோ குழந்தையோ இருக்கும். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பிரபலமான கிறிஸ்டியானா வண்டி இந்த வகைதான். இன்னொரு வழி, பின்னால் இரண்டு சக்கரம், அவற்றின் மேல் பெட்டி. பாரம் அதிகம் ஏற்றலாம், முன்னால் ஹேண்டில்பார் லேசாக இருக்கும். ஆனால் ஒரு சக்கரத்தை மட்டும் மிதித்தால் ஈரத் தரையில் அது வழுக்கும், வண்டி இழுக்கும். இரண்டையும் மிதிக்க வேண்டுமென்றால் ஸ்டார்லியிடம்தான் வர வேண்டும். மோட்டார் பொருத்திய இன்றைய சரக்கு ட்ரைசைக்கிள்கள் பலவற்றில் பின்அச்சு நடுவே அந்தப் பல்சக்கரக் கூடு இருக்கிறது.

கவென்ட்ரியில் கிரேஃப்ரையர்ஸ் கிரீன் என்ற புல்வெளியில் 1884-ல் ஸ்டார்லிக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அதில் இரண்டு வண்டிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்று ஏரியல், இன்னொன்று ராயல் சால்வோ.