கருங்கல்லைக் குடைந்த மகேந்திரவர்மர்

நம்ம 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளைப் பாறை, கனிமம் பாடத்துக்காக மண்டகப்பட்டுக்கு அழைச்சிக்கிட்டுப் போனாங்க. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்க 9-ஆம் வகுப்பிலிருந்து நாங்க நாலு பேர் கூடப் போனோம். திண்டிவனத்தில் வேன் ஏறி, விழுப்புரம் வழியா செஞ்சி ரோட்டில் போனா வயல்களுக்கு நடுவில் ஒரு குன்று. அதன் முகத்தைக் குடைஞ்சு ஒரு கோயில். முன்னால ரெண்டு பக்கமும் துவாரபாலகர் நிக்கிறாங்க.

அது பாதுகாக்கப்பட்ட சின்னம், அதனால பாறையில் யாரும் கை வைக்கலை. ரோட்டோரம் கிடந்த ஜல்லியைத்தான் எடுத்தோம். சார் ஆளுக்கொரு இரும்பு ஆணி கொடுத்துக் கீறிப் பார்க்கச் சொன்னார். கருப்பா மினுங்கின மைக்கா, அதாவது காக்காப்பொன், ஆணி பட்டதும் செதில் செதிலா உதிர்ந்தது. கண்ணாடி மாதிரி வெள்ளையா இருந்த குவார்ட்ஸில் கீறலே விழலை. ஆணிதான் தேய்ஞ்சு கோடு போட்டது. கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ஸ்பார் 6, மைக்கா 3-க்கும் கீழே. இரும்பு ஆணி 6-ஐத் தொடாது. அப்படீன்னா ராசா எதை வச்சு வெட்டினாருன்னு ஒரு சின்னப் பையன் கேட்டான். எங்க நாலு பேருக்குமே பதில் தெரியலை. அதனாலதான் திரும்பி வந்து அவரைப் பற்றிப் படிச்சேன்.

முதலாம் மகேந்திரவர்மர், சிம்மவிஷ்ணுவின் மகன். கி.பி. 600 வாக்கில் காஞ்சியில் பட்டத்துக்கு வந்து சுமார் 630 வரை ஆண்டார். பட்டப் பெயர்கள் ஏராளம். சித்திரம் வரைவதால் சித்திரகாரப்புலி. கோயில் எடுப்பதால் சேத்தகாரி. மத்தவிலாசம் என்று ஒரு நகைச்சுவை நாடகமே எழுதியிருக்கார். காபாலிகன் ஒருத்தனோட ஓட்டை நாய் தூக்கிட்டுப் போயிடும், அவன் புத்த பிட்சு மேல சந்தேகப்பட்டுச் சண்டை போடுவான். ஒரு ராசா இப்படி எழுதினாருன்னு நம்பவே முடியலை!

அவர் காலத்துக்கு முன்னாடி நம்ம பக்கத்துக் கோயில்கள் செங்கல், மரம், சுதையால் ஆனவை. மழை, கரையான், தீ எதுவும் விட்டு வைக்கலை. கல் என்றால் செத்தவங்களுக்கு நடுவது என்ற எண்ணம் இருந்ததால்தான் சாமிக்குக் கல்லைத் தொடலைன்னும் சில அறிஞர்கள் சொல்றாங்க. அதை மாத்தினவர் இவர். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமே இல்லாம பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் கிரந்தத்தில் வெட்டி வச்சிருக்கார். இதுதான் அவருடைய முதல் குடைவரைன்னு பலர் கருதுறாங்க. அப்புறம் நம்ம மாவட்டத்துத் தளவானூர், மாமண்டூர், மகேந்திரவாடி, திருச்சி மலைக்கோட்டைன்னு வரிசையா குடைஞ்சார்.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. அவருடைய எதிரி, வாதாபியை ஆண்ட இரண்டாம் புலிகேசி. வாதாபியிலும் குடைவரைகள் இருக்கு, ஆனா அங்கே இருப்பது மணற்கல், வெட்டுறதுக்கு லேசு. நமக்கு வாய்ச்சது கருங்கல். புலிகேசி காஞ்சிக்குப் பக்கம் வரை படையோடு வந்துட்டார். புள்ளலூரில் மகேந்திரவர்மர் எதிரிகளை ஜெயிச்சதாகப் பல்லவர் செப்பேடு சொன்னாலும், வடக்குப் பகுதி கையை விட்டுப் போனது போனதுதான். மகன் நரசிம்மவர்மர்தான் 642-இல் வாதாபியைப் பிடிச்சார்.

குறையும் சொல்லணும். முதலில் சமணராக இருந்தவர் இவர். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்ட பல்லவ மன்னன் கதை நமக்குத் தெரியும். 12-ஆம் நூற்றாண்டில் எழுதின பெரியபுராணம் மகேந்திரவர்மர் என்று பேர் சொல்லலை. அந்த மன்னன் பிறகு சைவனாகிச் சமணப் பள்ளியை இடிச்சுத் திருவதிகையில் குணபர ஈச்சரம் கட்டினான் என்கிறது. குணபரன் இவருடைய பட்டப் பெயர், அதை வச்சு இவர்தான்னு சொல்றாங்க. இது நிஜம்னா எனக்கு வருத்தம்தான்.

பையன் கேட்ட கேள்விக்குப் பதில் எங்க தாத்தாகிட்ட கிடைச்சுது. தாத்தா ஊர் ஊரா அம்மி கொத்தினவர், பிறகு குவாரியில் கல் உடைச்சவர். உளி கல்லைக் கீறாதாம், கூர்முனையால் தட்டித் தட்டிப் பொடிப் பொடியா உதிர்க்குமாம். முனை சீக்கிரமே மழுங்கிடும், உலையில் காய்ச்சி அடிச்சுத் தோய்ச்சுக்கிட்டே இருக்கணும். உளி தோய்க்கிற ஆள் இல்லைன்னா எந்த ராசாவாலயும் கோயில் குடைய முடியாதுன்னு சொன்னார். கல்வெட்டில் ராசா பட்டம் இருக்கே, வெட்டினவங்க பேர் இருக்கான்னும் கேட்டார். இல்லைன்னேன்.

தாத்தா மண்டகப்பட்டைப் பார்த்ததே இல்லை. உள்சுவரில் உளித் தடம் புள்ளி புள்ளியா இருக்கா, கோடு கோடா இருக்கான்னு கேட்டார். நான் துவாரபாலகரையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன், சுவரைக் கவனிக்கலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாத்தாவை அழைச்சிக்கிட்டுப் போறேன்.

9-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு