பேயைப் படம் பிடிக்கச் சொன்ன ஆசிரியர்

பேய் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? ஊருக்கு ஒரு புளியமரம், புளியமரத்துக்கு ஒரு முனி, முனிக்கு ஒரு கதை என்று கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாம் எல்லோரும். படிக்க வந்த இடத்திலாவது இந்தக் கதைகள் நம்மை விட்டனவா என்றால், அதுவும் இல்லை. புனே நகரின் வானவடியில் நாங்கள் நாலைந்து தமிழ் மாணவர்கள் அறையெடுத்துத் தங்கியிருக்கிறோம். மின்சாரம் நின்றுபோன இரவு ஒன்று வந்தால் போதும். விஞ்ஞானம் படிப்பவனும் கணிதம் படிப்பவனும் ஒன்றாக உட்கார்ந்து, தத்தம் ஊர்ப் பேயின் பெருமையை அளக்கத் தொடங்கிவிடுவார்கள். நேரில் கண்டவன் எவனும் இல்லை. கண்டவரைத் தெரியாதவனும் எவனும் இல்லை!

இத்தகைய நமக்கெல்லாம் அறிமுகமாக வேண்டிய மனிதர் ஒருவர் இருந்தார். பேய் உண்டா, இல்லையா என்று அவர் வெறுமனே வாதாடிக்கொண்டிருக்கவில்லை. படம் பிடிக்கும்படியாக ஓர் ஆவியைக் கொண்டுவந்து நிறுத்துபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக உலகுக்கே அறிவித்தார். அவர் கோடீசுவரரல்லர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பெயர் ஆபிரகாம் கோவூர்.

கோவூர் 1898-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்தார். தந்தையார் மார்த்தோமா சிரியன் திருச்சபையில் உயர்ந்த பொறுப்பு வகித்த பாதிரியார். தந்தை தொடங்கிய பள்ளியில் படித்த மைந்தர், பிறகு கல்கத்தாவின் வங்கவாசிக் கல்லூரியில் சேர்ந்து தாவரவியலும் விலங்கியலும் கற்றார். அந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவர் பிற்காலத்தில் சுவைபடச் சொல்வதுண்டு. விடுமுறையில் ஊர் திரும்பும்போது கங்கைத் தீர்த்தம் கொண்டுவரும்படி அண்டை அயலார் கேட்பார்களாம். கங்கைக் கரையின் அழுக்கைக் கண்ணால் கண்ட கோவூரும் அவர் சகோதரரும், வழியில் ஒரு ரயில் நிலையக் குழாயில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டார்களாம். அந்தக் குழாய்த் தண்ணீரால் நோய் தீர்ந்தது என்று ஊரார் வந்து நன்றி சொன்னார்களாம்! குணமாக்கும் ஆற்றல் தண்ணீரில் இல்லை, தண்ணீரைப் பற்றிய நம்பிக்கையில் இருக்கிறது என்ற எண்ணம் இளைஞர் உள்ளத்தில் அப்போதே வேர் விட்டது.

1928-ஆம் ஆண்டு அவரை ஈழத் திருநாட்டுக்கு அழைத்தது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராகச் சேர்ந்து, 1943 வரை பதினைந்து ஆண்டுகள் தமிழ் மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். அங்கே அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கல்லூரித் தலைவரான பாதிரியார், ஒரு வருடம் விவிலியப் பாடத்தையும் இவரிடம் ஒப்படைத்தாராம். தேர்வு முடிவு வந்தபோது மாணவர் அனைவரும் சிறப்பாகத் தேறியிருந்தார்கள். ஆயினும் அடுத்த வருடம் அந்தப் பாடம் இவருக்குத் தரப்படவில்லை. காரணம் கேட்டபோது, பிள்ளைகள் பாடத்தில் தேறிவிட்டார்கள், பக்தியில்தான் தோற்றுவிட்டார்கள் என்ற பொருளில் விடை வந்ததாம்!

அதன்பின் தென்னிலங்கையில் வேறு கல்லூரிகளிலும் பணியாற்றி, 1959-இல் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக ஓய்வு பெற்றார். அறுபத்தொரு வயதில் மற்றவர்கள் சாய்வு நாற்காலியைத் தேடுவார்கள். கோவூர் தேடியதோ பேய் வீடுகளை. 1960-இல் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கம் தோன்றிற்று. தம் இறுதி நாள் வரை அதன் தலைவராக விளங்கினார். 1963-இல்தான் அந்தப் புகழ்பெற்ற சவால் வெளிவந்தது. ஏமாற்றுக்கு இடமில்லாத நிலைமையில் அற்புதச் செயல் ஒன்றைச் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் பரிசு!

என்னென்ன அற்புதங்கள்? அவர் ஒரு பட்டியலே தந்தார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைப் படிக்கலாம். எரியும் தணலின்மேல் அரை நிமிடம் கொப்புளமின்றி அசையாமல் நிற்கலாம். தண்ணீர்மேல் நடக்கலாம். முற்பிறவி நினைவாலோ, ஆவி புகுந்ததாலோ, கற்றறியாத மொழியைப் பேசலாம். ஜாதகங்களைப் பார்த்து, அவற்றில் ஆண் எவர், பெண் எவர், இருப்பவர் எவர், இறந்தவர் எவர் என்று சொல்லலாம். ஆவியைப் படம் பிடிக்கும்படி வரவழைக்கலாம். அல்லது, படம் எடுக்கும்போது பிலிமிலிருந்து தாமே மறைந்துபோகலாம். இவற்றுள் ஏதேனும் ஒன்றைச் செய்தால் போதும். சவாலை ஏற்பவர் ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். தோற்றால் அது திரும்பாது. வெறும் விளம்பரத்துக்காக வருபவர்களை வாசலிலேயே நிறுத்த அது ஒரு வேலி.

ஆவியைப் படம் பிடிப்பது இந்தப் பட்டியலில் ஏன் இடம்பெற்றது என்று சிலர் வியக்கலாம். அதற்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1860-களின் தொடக்கத்தில் மம்லர் என்பவர், உயிரோடிருப்பவரைப் படம் எடுத்தால் அவர் பின்னால் இறந்த உறவினரின் மங்கலான உருவமும் விழுவதாகக் காட்டிப் பணம் சேர்த்தார். அவர்மேல் 1869-இல் நியூயார்க்கில் வழக்கு நடந்தது. அவர் இன்ன முறையில்தான் ஏமாற்றினார் என்று நிறுவ இயலாமையால் விடுதலையானார். பாரிஸில் 1875-இல் புகே என்பவர் மாட்டிக்கொண்டார். பொம்மைத் தலைகளுக்குத் துணி சுற்றி, ஒரே தகட்டில் இருமுறை படம் எடுத்ததாக அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் என்ன விந்தை! அந்தப் பொம்மைகளை நேரில் கண்ட பின்னும், படத்தில் இருப்பது தம் உறவினர்தான் என்று சாட்சிகள் சிலர் சாதித்தார்கள். இங்கிலாந்தில் வில்லியம் ஹோப் என்பவரை 1922-இல் ஹாரி பிரைஸ் என்பவர் சோதித்த முறை நுட்பமானது. எக்ஸ் கதிரால் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் இட்ட தகடுகளை அவரிடம் கொடுத்தார்கள். ஆவி விழுந்த படம் வந்தது, அடையாளம் வரவில்லை. தகடு மாறியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இருமுறை ஒளிபடுவதால் ஆவி எப்படி உண்டாகிறது என்பதை நாங்களே வானவடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் செய்து பார்த்தோம். மாலை மங்கிய நேரம். கேமராவை அசையாமல் கைப்பிடிச் சுவர்மேல் வைத்து, பத்து வினாடி ஒளிபடும்படி அமைத்தோம். நண்பர் ஒருவர் வெள்ளை வேட்டியோடு நான்கு வினாடி அசையாமல் நின்று, பிறகு சட்டென்று விலகிவிட்டார். படத்தைப் பார்த்தால், அவர் உடம்பின் ஊடே பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டி தெரிகிறது! நின்ற நேரத்தில் அவர் உருவமும், விலகிய நேரத்தில் தொட்டியும் ஒரே படத்தில் பதிந்துவிட்டன, அவ்வளவுதான். அந்தப் படத்தை ஒன்றும் சொல்லாமல் காட்டினால் அஞ்சாதவர் சிலரே. இன்றைக்குக் கைபேசியிலேயே இதைவிட நல்ல பேய்களைச் செய்துவிடலாம். ஆகவேதான் கோவூர், எடுத்து வந்த படத்தைக் கேட்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் படம் எடுக்க ஓர் ஆவியைக் கேட்டார். வேறுபாடு சிறியதுபோல் தோன்றும். சோதனையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அவருடைய சோதனைகள் எல்லாம் இப்படித்தான் எளிமையானவை. அற்புதம் செய்பவரைப் புகழ்ந்த ஒரு நூலில், ஜப்பானின் ஸைக்கோ கடிகாரக் கம்பெனித் தலைவரின் பாதுகாப்புப் பெட்டியிலிருந்த கடிகாரம் அவர் கையில் தோன்றியதாக எழுதப்பட்டிருந்தது. கோவூர் கோபப்படவில்லை, கிண்டல் செய்யவில்லை. அந்தத் தலைவருக்கே ஒரு கடிதம் எழுதினார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று பதில் வந்தது. ஒரு தபால் தலையின் செலவில் முடிந்த ஆராய்ச்சி! நம்மில் எத்தனை பேர் ஒரு செய்தியைப் பரப்புமுன் அந்தச் செலவைச் செய்கிறோம்?

பேய் பிடித்தவர்கள் என்று அழைத்துவரப்பட்டவர்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் வேறு. வேப்பிலையும் இல்லை, சாட்டையும் இல்லை. உட்கார வைத்துப் பேசுவார். மனவசிய முறையில் அவர்கள் உள்ளத்தை அறிய முயல்வார். சொல்ல முடியாத துயரமும், வீட்டில் எவரிடமும் வெளியிட முடியாத அச்சமுமே பேயின் வாயால் பேசுகின்றன என்பது அவர் கொண்ட முடிவு. மனவசியத்தைவிட மேம்பட்ட சிகிச்சைகள் இன்று உண்டு; நோயுற்றவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை. ஆயினும், அடிபட வேண்டிய பெண்ணை நோயாளி என்று கண்ட கண்ணுக்கு நாம் வணக்கம் செலுத்தத்தான் வேண்டும். அவருடைய குறிப்புகளிலிருந்து 1972-இல் மலையாளத்தில் புனர்ஜன்மம் என்ற திரைப்படம் பிறந்தது. அதுவே 1973-இல் தமிழில் மறுபிறவி என வந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்குத் தோன்றும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோவூரின் பெருமையைப் பேசும் நாம், அவரையும் அவருடைய அளவுகோலால் அளக்க வேண்டும் அல்லவா? குழாய்த் தண்ணீர் கதைக்குச் சாட்சி அவரே. பேய் ஓட்டிய கதைகள் பலவற்றுக்கும் எழுதியவர் அவரே, மருத்துவரும் அவரே, தீர்ப்புச் சொன்னவரும் அவரே. சாமியார் சொன்னார் என்பதற்காக நம்பக்கூடாது என்றால், கோவூர் சொன்னார் என்பதற்காகவும் நம்பக்கூடாது. மேலும், பரிசை எவரும் வெல்லவில்லை என்பதால் உலகில் ஆவியே இல்லை என்று நிறுவியதாகவும் ஆகாது. கேட்ட இடத்தில் சான்று வரவில்லை என்பது மட்டுமே நிலைநாட்டப்பட்டது. அந்த அளவே போதும். ஆவியுண்டு என்று சொல்லிப் பணம் பறிப்பவரிடம் ஏழை ஒருவன் சான்று கேட்கலாம் என்ற துணிவை அது தந்ததே!

அந்தப் பரிசு அவர் காலத்தில் கடைசிவரை எவராலும் பெறப்படவில்லை. அவருக்குப் பின், கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் வாழ்ந்த பிரேமானந்த் இந்தியாவில் அந்தச் சவாலை ஏந்தி ஊர் ஊராகச் சென்றார், 2009-இல் மறைந்தார். நாம் வாழும் இந்தப் புனே நகருக்கும் இந்த மரபில் பங்குண்டு. மராட்டியத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கம் கண்ட நரேந்திர தாபோல்கரும், வானியல் அறிஞர் ஜயந்த் நார்ளீகரும் மற்றும் சிலரும் சேர்ந்து 2008-இல் சோதிடர்களைச் சோதித்தார்கள். படிப்பில் சிறந்த குழந்தைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் 100 பேர் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, நாற்பது நாற்பதாகக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். விடை அனுப்பிய 27 சோதிடர்களின் சராசரி, காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னால் கிடைக்கும் பாதியைக்கூட எட்டவில்லை. கோவூரின் பட்டியலில் இருந்த ஜாதகச் சோதனையின் தம்பி அன்றோ இது? ஐந்து ஆண்டுகள் கழித்து, 2013 ஆகஸ்ட் 20-ஆம் நாள் காலையில், நடந்து சென்ற தாபோல்கரை இந்த நகரத்தின் பாலம் ஒன்றின்மேல் சுட்டுக் கொன்றார்கள். சான்று கேட்பது எளிய காரியம். ஆபத்தில்லாத காரியம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

கோவூர் 1978-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் கொழும்பில் காலமானார். இறந்த பின் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவர் முன்பே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். கண்கள் கண் வங்கிக்கு. உடல் மருத்துவ மாணவர்களின் படிப்புக்கு. எலும்புக்கூடு, தாம் கடைசியாகப் பாடம் சொன்ன தேர்ஸ்டன் கல்லூரியின் விஞ்ஞானக் கூடத்துக்கு. அதன் பொருள் எனக்கு விளங்கியது வானவடிக்கு வந்த பிறகுதான். இங்கே ஆயுதப் படை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலாண்டு மாணவன் எவனானாலும், மனித உடலை ஏட்டில் மட்டும் படித்து மருத்துவனாகிவிட முடியாது; முகம் தெரியாத ஒருவர் தம் உடலைத் தந்திருக்க வேண்டும். உடலை எரிக்காவிட்டால் ஆவி அலையும் என்று அஞ்சும் நாட்டில், அந்தக் கொடைக்கு எவ்வளவு தெளிவு வேண்டும்!

ஆவியாக வந்து எவரையும் அச்சுறுத்த அவர் விரும்பவில்லை. எலும்பாக நின்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவே விரும்பினார். ஆசிரியர் என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய உரை எழுத முடியுமா?