கால்பந்தில் தங்கம் தேடித்தந்த பள்ளி ஆசிரியர்

ஆசியாவிலேயே கால்பந்தில் முதல் இடம் இந்தியாவுக்கு என்று இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது சொன்னால் இளைஞர்கள் நம்பமாட்டார்கள். 1951-ம் ஆண்டிலும், 1962-ம் ஆண்டிலும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கால்பந்துக் குழு தங்கப்பதக்கம் பெற்றது. இரண்டு முறையும் குழுவுக்குப் பயிற்சி அளித்தவர் ஒருவரே. அவர்தான் சையது அப்துல் ரகீம். ஐதராபாத்காரர். பயிற்சியாளர் என்பதைவிட, "ரகீம் சாகிப்" என்றால்தான் அந்த நாள் ஆட்டக்காரர்களுக்குத் தெரியும்.

1909-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி அவர் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது கல்லூரிக் குழுவில் ஆடினார். பிறகு உள்ளூர்க் குழுக்களில் ஆடினார். நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் நாடு முழுவதும் பெயர் சொல்லும் அளவுக்குப் பெரிய ஆட்டக்காரர் அல்ல. பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியர் வேலை. காச்சிகுடா நடுநிலைப்பள்ளி, சாதர்காட் உயர்நிலைப்பள்ளி என்று பல இடங்களில் பாடம் நடத்தினார். உடற்பயிற்சிக் கல்வியும் கற்று, பையன்களின் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார்.

சிறிய குழுக்களில் ஆடியவர்கள் பெரிய பயிற்சியாளர் ஆவது கால்பந்து உலகில் புதிது அல்ல. ஸ்காட்லாந்து நாட்டின் ஜாக் ஸ்டீன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஆல்பியன் ரோவர்ஸ் என்ற சிறிய குழுவில் ஆடியவர். அவர் பயிற்சி அளித்த செல்டிக் குழு 1967-ல் ஐரோப்பியக் கோப்பையையே வென்றது. நம் நாட்டில் அப்படி ஒருவரைக் காட்டச் சொன்னால் ரகீமைத்தான் காட்டவேண்டும்.

போலீஸ் குழு

1943-ல் ஐதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1950-ல் ஐதராபாத் நகரப் போலீஸ் குழுவின் பயிற்சியும் அவர் கைக்கு வந்தது. அந்த ஆண்டு தொடங்கி 1954 வரை, பம்பாய் ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் போலீஸ் குழு வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1950-ல் டெல்லியில் நடந்த டூரண்டு கோப்பைப் போட்டியிலும் கல்கத்தாவின் மோகன் பகான் குழுவைத் தோற்கடித்து வெற்றி பெற்றது. கால்பந்து என்றால் கல்கத்தாதான் என்றிருந்த எண்ணம் அப்போதுதான் ஆட்டம் கண்டது.

பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு நாலு பேரை ஏமாற்றி ஓடுவதுதான் அந்தக் காலத்தில் ஆட்டம். பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள். ரகீமுக்கு அது பிடிக்காது. பந்து வந்ததும் தடுத்து நிறுத்தாமல், ஒரே தட்டில் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுக் காலி இடத்துக்கு ஓடவேண்டும் என்பது அவர் கொள்கை. பந்தை உருட்டிக்கொண்டு ஓடவே கூடாது என்று விதி வைத்துப் போட்டிகள் நடத்தினார்! வலது காலால் உதைத்துப் பழகியவர்கள் இடது காலால்தான் உதைக்கவேண்டும் என்றும் போட்டி வைத்தார். பையன்களிடம் குறை எங்கே என்று ஆசிரியருக்குத் தெரியாதா?

பத்து கோல்

1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மறு ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என்று இந்தியாவை நொறுக்கியது. நம் வீரர்களில் பலர் அந்தக் குளிரில் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் இந்தியாவில் பூட்சு அணிவது கட்டாயம் ஆக்கப்பட்டது.

வேறு ஒருவராக இருந்தால் குளிரின்மீதும், பூட்சின்மீதும் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார். ஆட்ட முறையே பழசாகிவிட்டது என்று ரகீம் கண்டுகொண்டார். 1953-ல் லண்டனில் இங்கிலாந்தை 6-3 என்று அங்கேரி வென்றதே, அந்த முறையைப் பின்பற்றினார். முன்வரிசையின் நடுவில் நிற்பவரைச் சற்றுப் பின்னால் இழுத்தார். அவரைப் பின்தொடர்ந்து எதிரியின் தடுப்பு ஆட்டக்காரர் வருவார். அவர் விட்டு வந்த இடத்தில் நம்மவர் புகுந்துவிடுவார்.

இங்கே நம் ஊர்க் கதையையும் சொல்லவேண்டும். ரகீம் போலீஸ் குழுவுக்குப் பயிற்சி தரத் தொடங்கியபோது ஐதராபாத் ஒரு தனி மாநிலம். சித்தூரும், திருப்பதியும் சென்னை மாநிலத்தில் இருந்தன. 1953-ல் நம் மாவட்டம் ஆந்திராவுக்கு வந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி ஐதராபாத்தும் சேர்ந்து ஆந்திரப்பிரதேசம் ஆயிற்று. அதே மாதம் 22-ந் தேதி மெல்போர்ன் ஒலிம்பிக் தொடங்கியது. ஆக, ரகீம் நம் மாநிலத்துக்காரர் ஆனதும் செய்த முதல் வேலையே பெரிய வேலை! (2014-ல் தெலுங்கானா பிரிந்தபோது ஐதராபாத் மறுபடியும் அந்தப் பக்கம் போய்விட்டது.)

மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே இந்தியா 4-2 என்று தோற்கடித்தது. நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். அரை இறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா. இந்தியாதான் முதல் கோல் போட்டது. கடைசியில் 4-1 என்று தோற்றாலும், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பத்து கோல் வாங்கிய குழுவா இது என்று எல்லோரும் வியந்தார்கள். ஒலிம்பிக் கால்பந்தில் 4-வது இடம் இந்தியாவுக்குக் கிடைத்தது.

அந்தக் குழுவில் இருந்த துளசிதாஸ் பலராம், செகந்திராபாத் பக்கத்து ஏழை வீட்டுப் பையன். பயிற்சிக்கு வந்துபோக வாடகை சைக்கிளுக்கு நாள்தோறும் ஒரு ரூபாயை ரகீம் கொடுத்தாராம். பின்னாளில் பலராமே இதைச் சொல்லியிருக்கிறார்.

பாசம் என்றால் அப்படி. கண்டிப்பு என்றால் அதுவும் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக் குழுவில் ரகீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். ஒரு ஆட்டத்தில்கூட அவரைத் தந்தை இறக்கவில்லை. ரோமில் பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்ததுதான் இந்தியாவின் சாதனை.

ஜகார்த்தா

1962 ஆசியப் போட்டி இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் நடந்தது. இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்தது. அப்படியானால் இதை ஆசியப் போட்டி என்று அழைக்கக்கூடாது என்று இந்தியாவின் சோந்தி கருத்து தெரிவித்தார். ஆசியப் போட்டிகளைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். உடனே ஜகார்த்தாவில் கலவரம் மூண்டது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்தியக் குழுவினர் வெளியே நடமாடவே அஞ்சவேண்டிய நிலை.

ஆட்டமும் நன்றாகத் தொடங்கவில்லை. முதல் போட்டியில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை வென்றபோது, தடுப்பு ஆட்டக்காரர் ஜர்னெயில்சிங்கின் மண்டை உடைந்து தையல் போடப்பட்டது. ஜப்பானை அவர் இல்லாமலே வென்றார்கள்.

தலையில் கட்டுடன் இருப்பவரைத் தடுப்பு வரிசையில் நிறுத்த முடியாது. உட்கார வைக்கவும் ரகீமுக்கு மனம் இல்லை. முன்வரிசையில் நிறுத்தினார்! அரை இறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று இந்தியா வென்றபோது ஜர்னெயில்சிங்கும் ஒரு கோல் போட்டார்.

இறுதிப்போட்டி செப்டம்பர் 4-ந் தேதி. எதிரி அதே தென்கொரியா. காய்ச்சலில் கிடந்து எழுந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை ரகீம் களம் இறக்கினார். சென்னை ரெஜிமெண்டுக் குழுவில் ஆடிப் பெயர் பெற்ற தமிழர் அவர். நல்ல உயரம். கொரியர்கள் உயரப் பந்தில் வல்லவர்கள் என்பதால் இந்த ஏற்பாடு.

முந்தின நாள், தமக்கு ஒரு பரிசு வேண்டும், அது தங்கப்பதக்கம் என்று வீரர்களிடம் ரகீம் கேட்டுக்கொண்டாராம்.

அரங்கில் சுமார் ஒரு லட்சம் பேர். இந்தியாவின் தேசிய கீதம்கூடக் காதில் விழாத அளவுக்குக் கூச்சல். ஆதரவாகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஆக்கிக் குழுவினர் என்றால் வியப்பாக இல்லையா? முதல் 20 நிமிடத்துக்குள் பி.கே.பானர்ஜி ஒரு கோலும், கட்டுப்போட்ட தலையுடன் ஜர்னெயில்சிங் ஒரு கோலும் போட்டுவிட்டார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில்தான் கொரியா ஒரு கோல் போட முடிந்தது. 2-1. ரகீம் கேட்ட பரிசு கிடைத்துவிட்டது.

அடுத்த ஒன்பது மாதங்களில், 1963 ஜூன் 11-ந் தேதி, நுரையீரல் புற்றுநோயால் ரகீம் இறந்தார். வயது 53. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருதை அரசாங்கம் ஏற்படுத்தியது 1985-ல்தான். அவர் கதை இந்தியில் "மைதான்" என்ற பெயரில் 2024-ல் படமாக வந்தது. அஜய் தேவ்கன் ரகீமாக நடித்தார்.

1965-66-ல் சந்தோஷ் கோப்பையை ஆந்திரப்பிரதேசம் வென்றது. 1970-ல் பாங்காக் ஆசியப் போட்டியில் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. அந்தக் குழுவின் தலைவர் சையது நயீமுதீனும் ஐதராபாத்காரர்தான். ஆசிய விளையாட்டுப் போட்டிக் கால்பந்தில் அதன் பிறகு இந்தியாவுக்குப் பதக்கம் வரவில்லை.