புற்றுநோய்க்கு மருந்து கண்ட சுப்பாராவ்

ஆந்திராவில் உள்ள பீமவரத்தில் 1895-ம் ஆண்டு பிறந்தவர், எல்லாப்பிரகட சுப்பாராவ். ஏழைக் குடும்பம். வாலிப வயதில், எட்டே நாளில் அண்ணனையும் தம்பியையும் பறிகொடுத்தார். இருவரையும் கொன்றது "ஸ்புரு" என்ற நோய். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது; ரத்தம் குறைந்து கொண்டே போகும். அன்று அதற்குச் சரியான மருந்து இல்லை.

சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். ஒரு பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

கப்பல் ஏறினார்

1923-ல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். மாமனாரும், காக்கிநாடாவில் உள்ள ஒரு தர்ம ஸ்தாபனமும் பணம் கொடுத்தார்கள். மூன்று ஆண்டில் வந்துவிடுவதாக மனைவியிடம் சொன்னார். வரவே இல்லை. பிறந்த மகன், தந்தையின் முகத்தைப் பார்க்காமலே குழந்தையாக இறந்தான். எவ்வளவு புகழ் வந்தாலும் அந்த அம்மாளின் துயரத்துக்கு ஈடு ஆகாது.

பாஸ்டன் நகரில் இரவில் ஆஸ்பத்திரி வேலையாள், பகலில் ஆராய்ச்சி. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். 1945-ல் அவருடைய குழுவினர் "போலிக் அமிலம்" என்ற சத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு அதுவே மருந்தாயிற்று!

ஏமாற்றும் மருந்து

புற்றுநோய் உயிரணுக்கள் வேகமாகப் பெருகும். அதற்கு இந்தச் சத்து வேண்டும். ஆகவே அதே உருவத்தில், ஆனால் பயன்படாத ஒரு பொருளைச் செய்தார்கள். உயிரணு அதைச் சத்து என்று நம்பி ஏற்கும். பெருக முடியாமல் மடியும். அதன் பெயர் அமினாப்டெரின்.

பாஸ்டன் டாக்டர் சிட்னி பார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார். 10 பேருக்குக் குணம் தெரிந்தது. படுத்துக் கிடந்த பிள்ளைகள் எழுந்து விளையாடினார்கள். பெற்றோருக்கு ஆனந்தம்! ஆனால் சில மாதம்தான். நோய் திரும்பி வந்தது.

இத்தோடு போதும் என்று பணத்தை நிறுத்தியிருந்தால்? பார்பர் விடவில்லை. 1948 மே மாதம், நோயுற்ற ஒரு சிறுவன் வானொலியில் பேசினான். கேட்டது 20 ஆயிரம் டாலர். ஜனங்கள் அனுப்பியதோ 2 லட்சத்துக்கும் மேல். பிறகு அமெரிக்க அரசாங்கமும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கியது.

அதே 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். வயது 53. பலனை அவர் பார்க்கவில்லை.

அவருடைய குழுவினர் தயாரித்த இன்னொரு மருந்து மெதோட்ரெக்சேட். கர்ப்பத்தைத் தொடர்ந்து பெண்களுக்கு வரும் ஒருவகைப் புற்றுநோய், 1956-ல் அதனால் அடியோடு குணமாயிற்று. 1960-களில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கக் கற்றார்கள். இன்று பணக்கார நாடுகளில், குழந்தைகளை அதிகம் தாக்கும் ரத்தப் புற்றுநோயில் 10-க்கு 9 பேர் பிழைக்கிறார்கள். சிகிச்சை இரண்டு ஆண்டுக்கு மேல் நடக்கும். கடைசிக் கட்டத்தில் பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே, வாரம் ஒருநாள் மெதோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறார்கள்.