பாரதியாரும் தபால் சோதனையும்

எட்டயபுரத்தில் 1882-ம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி பிறந்த சுப்பிரமணிய பாரதியாரைக் கவியென்று தமிழர் யாவரும் அறிவர். அக்காலத்து ஸர்க்கார் அவரை வேறு விதமாக அறிந்திருந்தது. போலீஸ் தஸ்தாவேஜுகளில் அவர் இரவும் பகலும் கவனிக்கப்பட வேண்டிய ஆசாமி. அந்த வரலாற்றையே இங்கு சொல்லப் புகுகிறோம்.

1904-ல் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் சேர்ந்த பாரதியார், 1906-ல் தோன்றிய 'இந்தியா' வாரப் பத்திரிகைக்கு உயிர்நாடியானார். 1908-ல் அதன் ஆசிரியராகப் பதிவாகியிருந்த ஸ்ரீநிவாஸன் ராஜத்துரோக வழக்கில் கைதாகவே, நண்பர்களின் யோசனையின் பேரில் பாரதியார் பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். பத்திரிகையும் அவரைப் பின்தொடர்ந்தது. எல்லைக்கு அப்பாலுள்ள ஆளைப் பிடிக்க இயலாது. தபாலைப் பிடிக்கலாம் அல்லவா? புதுச்சேரியிலேயே பிரிட்டிஷ் தபாலாபீஸ் ஒன்று இருந்தது. கடிதங்கள் பிரிக்கப்பட்டன, மணியார்டர்கள் வழியில் நின்றன, பிரிட்டிஷ் எல்லைக்குள் 'இந்தியா' நுழைவதும் தடுக்கப்பட்டது. சந்தாவை நம்பிய பத்திரிகை 1910 மார்ச்சில் நின்று போயிற்று. எந்தக் கோர்ட்டும் பாரதியாரைக் குற்றவாளி என்று தீர்த்ததில்லை. ஆயினும் தண்டனை மட்டும் மாதந்தோறும் வீடு தேடி வந்தது. செல்லம்மாளும் இரண்டு பெண் குழந்தைகளும் என்ன ராஜத்துரோகம் செய்தார்கள்?

1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பின் ஒற்றர் தொல்லை பன்மடங்காயிற்று. அச்செய்கையில் ஸம்பந்தப்பட்டோரைத் தேடுவது ஸர்க்காரின் கடமை. சட்டம் கற்ற நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் வ. வே. ஸு. ஐயர் வீட்டுக் கிணற்றில் சதிக் காகிதங்கள் அடங்கிய ஜாடியைப் போட்டு வைத்த சூழ்ச்சியை எந்தக் கடமையில் சேர்ப்பது? ஜாடி அகப்பட்டதும், பாரதியாரின் யோசனைப்படி அது பிரெஞ்சுப் போலீஸாரிடமே ஒப்புவிக்கப்பட்டது. கடிதத்தைப் பிரிக்கத் துணிந்த கை, கடிதத்தைச் சிருஷ்டிக்கவும் துணிந்தது! இத்தனை நெருக்கடியிலும் 'பாஞ்சாலி சபத'மும் 'கண்ணன் பாட்'டும் பிறந்தன என்பது நம் பாக்கியம்.

1918 நவம்பர் 20-ந் தேதி புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டவர் கடலூரருகே கைது செய்யப்பட்டார். டிசம்பர் 14-ந் தேதி விடுதலை கிடைத்தது. நிபந்தனைகளும் கூடவே வந்தன. திருநெல்வேலி ஜில்லாவில்தான் வசிக்க வேண்டும். எழுதுவதை அச்சேற்றுமுன் ரகசியப் போலீஸ் அதிகாரிக்குக் காட்ட வேண்டும். பாரதியாரின் கவிதைக்குப் போலீஸ் உத்தியோகஸ்தர் பரீக்ஷகர்! கடயத்தில் இவ்விதம் காலங் கழித்து, தடை நீங்கி 1920-ல் 'சுதேசமித்திர'னுக்குத் திரும்பியவர், 1921 செப்டம்பரில் 38-ம் வயதில் மறைந்தார்.

அன்று அமலிலிருந்த 1898-ம் வருஷத் தபால் சட்டத்தின் 26-வது பிரிவு, பொது ஆபத்தைக் காரணங்காட்டிக் கடிதங்களைத் தடுக்க இடங்கொடுத்தது. அன்னிய ஆட்சி போன பின்பும் அச்சட்டம் போகவில்லை. அதை மேலும் விரிக்க 1986-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதி ஜெயில் சிங் ஸம்மதம் அளிக்கவில்லை. அவரது உறுதியைப் பாராட்டுகிறோம். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாய்த் தீர்ப்பளித்தனர். எனினும் 2024 ஜூன் 18 முதல் பழைய சட்டத்தின் ஸ்தானத்தில் அமலுக்கு வந்த 2023-ம் வருஷத் தபால் சட்டத்தின் 9-வது பிரிவு, மத்திய ஸர்க்கார் நியமிக்கும் அதிகாரி கடிதத்தைப் பிரிக்க அனுமதிக்கிறது. நீதிபதியின் உத்தரவு வேண்டுமென்று அது சொல்லவில்லை. ஜவ்வாது மலையடிவாரத்தில், செய்யாற்றங்கரையிலுள்ள கலசப்பாக்கத்துக் குடியானவர் வெளியூரிலிருக்கும் மகனுக்கு எழுதும் கடிதமும் இப்பிரிவுக்கு உட்பட்டதே. பிரிக்கப்பட்ட கடிதத்தின் சொந்தக்காரருக்கு அதை எப்பொழுது தெரிவிப்பது, அவர் யாரிடம் முறையிடுவது என்பவற்றைச் சட்டத்திலேயே எழுதச் செய்யும்படி நமது பார்லிமெண்ட் அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.